வீட்டு ரீஃப் தொட்டியில் பவளங்கள் வாடுகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளம் வாடுகிறது என்றதும் பலரும் முதலில் செய்வது ஏதாவது ஒரு மருந்துப் புட்டியைத் திறந்து தொட்டியில் ஊற்றுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எது வாடுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வாடுகிறது, எப்போது ஆரம்பித்தது என்று பத்து நிமிடம் நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கீழே உள்ளவை உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று எல்லாப் பவளங்களும் ஒரே நேரத்தில் சுருங்கிவிட்டன. முதலில் எதைப் பார்ப்பது?

எல்லாம் ஒன்றாகச் சுருங்கினால் காரணம் தண்ணீரில்தான் இருக்கும். ஒன்றோ இரண்டோ மட்டும் சுருங்கினால் அந்தப் பவளத்திலோ அதன் பக்கத்திலோ இருக்கும். இந்த ஒரு பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் தேவையில்லாத வேலை நிறைய குறையும்.

எல்லாம் சுருங்கியிருந்தால் முதலில் வெப்பநிலை, அப்புறம் உப்பளவு, அப்புறம் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு), அதன் பிறகு அம்மோனியா. இந்த வரிசைக்குக் காரணம், முதல் இரண்டும் ஒரே இரவில் தலைகீழாக மாறக்கூடியவை, பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஹீட்டர் அணையாமல் ஓடியிருக்கலாம், ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் தானியங்கி நிரப்பியின் மிதவை சிக்கிக்கொண்டு வாளி முழுக்க நன்னீரை உள்ளே கொட்டியிருக்கலாம். மீன்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மீனோ பெரிய நத்தையோ கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் அம்மோனியா ஏறும், சின்னத் தொட்டியில் அது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது உப்பு மூட்டை, புது விளக்கு, தண்ணீரை வடிகட்டும் புதுக் கரி, புது மீன், வீட்டில் பூச்சிமருந்து அடித்தது எல்லாமே கணக்கில் வரும். பவளம் மெதுவாக எதிர்வினை காட்டும் உயிர். இன்று தெரியும் வாட்டத்துக்குக் காரணம் போன வாரத்தில் இருக்கலாம்.

வெளுப்பது, பழுப்பாவது, சதை உரிவது எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. இதில் குழம்பினால் சிகிச்சையும் நேர் எதிராகப் போய்விடும்.

பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதி அந்தப் பாசி வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவிலிருந்துதான் வருகிறது. வெப்பமோ வெளிச்சமோ மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும், அதுதான் வெளுப்பு. அப்போதும் சதை இருக்கும், கண்ணாடி போல ஒளி ஊடுருவும், அதன் வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரியும். உற்றுப் பார்த்தால் பாலிப்புகள், அதாவது பவளத்தின் சிறு வாய்களும் கைகளும், இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். அது உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியில் இருக்கிறது, அவ்வளவே.

பழுப்பாவது இதற்கு நேர்மாறு. வெளிச்சம் போதாமலோ நைட்ரேட், பாஸ்பேட் என்ற ஊட்டச்சத்துகள் கூடுதலாகவோ இருந்தால் பாசி பெருகி, பவளத்தின் சொந்த நிறத்தை மறைத்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை.

சதை உரிவதுதான் உண்மையான அவசரம். அங்கே எலும்புக்கூட்டின் மேல் ஒன்றுமே இருக்காது, சுண்ணாம்பு வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். சில நாட்களில் அந்த இடத்தில் பச்சையாகப் பாசி பிடிக்க ஆரம்பிக்கும். பாசி பிடித்த இடம் இறந்த இடம். பாசி பிடிக்காமல் வெள்ளையாகவே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலும் ஓரம் இருந்தால் உரிதல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. விளக்கைப் பார்த்த மேல்பக்கம் மட்டும் வெளுத்து, நிழலான அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் வெளிச்சம் அதிகம். கிளை நுனிகள் மட்டும் எரிந்தது போல வெள்ளையாக இருந்தால், ஊட்டச்சத்து மிகக் குறைவான தண்ணீரில் ஆல்கலினிட்டியை உயரமாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடியிலிருந்து மேலே ஏறும் உரிதல் என்றால் ஆல்கலினிட்டி ஏற்ற இறக்கம், அடியில் ஒளிந்திருக்கும் பூச்சி, அடிப்பகுதிக்கு நீரோட்டமும் வெளிச்சமும் போகாமை என்று மூன்று சந்தேகங்கள். ஒரு பக்கம் மட்டும், அதுவும் பக்கத்துப் பவளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் என்றால் அது பவளங்கள் ஒன்றையொன்று கொட்டும் சண்டை. இவை நூற்றுக்கு நூறு பொருந்தும் விதிகள் அல்ல, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டெஸ்ட் எடுத்தேன், எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது. ஆனாலும் வாடுகிறதே?

அந்த எண் உண்மையா என்பதுதான் அடுத்த கேள்வி. டெஸ்ட் கிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, திறந்த மருந்து அதற்கு முன்பே கெட்டுப்போகலாம். சந்தேகம் வந்தால் வேறு தயாரிப்பு கிட் ஒன்றால் அதே தண்ணீரைச் சோதியுங்கள்.

உப்பளவு இதில் முதல் குற்றவாளி. ரீஃப் தொட்டிக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி சுமார் 1.026. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் வெறும் சுத்தநீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் தவறாக இருக்க முடியும். 35 பிபிடி அளவீட்டுத் திரவம் ஒரு புட்டி வாங்கி அதை வைத்துச் சரிசெய்யுங்கள்.

உப்பளவு தவறினால் மற்ற எண்களும் கூடவே தவறும் என்பதையும் கவனியுங்கள். 30 பிபிடியில் இருக்கும் தொட்டியில் கால்சியமும் மெக்னீசியமும் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து கால்சியம் ஊற்றினால் வியாதி ஒன்று, மருந்து இன்னொன்று.

தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும், அதனால் நிரப்புவது நன்னீரால்தான். ஆனால் கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் ரொம்ப ஈரமாக எடுத்தால் அது வெளியே தள்ளுவது உப்புநீர். அந்த இடத்தைத் தானியங்கி நிரப்பி நன்னீரால் நிரப்பிக்கொண்டே போகும், வாரக்கணக்கில் உப்பளவு யாருக்கும் தெரியாமல் இறங்கும். திருத்தும்போது மெதுவாக, ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் போகாமல்.

ஆல்கலினிட்டி பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்? கால்சியம் தானே எலும்புக்கூட்டுக்கு முக்கியம்?

இரண்டும் வேண்டும், ஆனால் முதலில் ஆட்டம் காண்பது ஆல்கலினிட்டிதான். கணக்கைப் பாருங்கள். பவளம் கால்சியம் கார்பனேட் கட்டும்போது ஆல்கலினிட்டியில் 2.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) செலவானால் கால்சியத்தில் சுமார் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) தான் செலவாகும். கால்சியம் 420-லிருந்து 400-க்கு இறங்கினால் கிட்டில் அது பிழையளவுக்குள் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே நேரத்தில் ஆல்கலினிட்டி 8.5-லிருந்து 5.7-க்கு வந்திருக்கும், அது பவளத்துக்குப் பெரிய அடி.

இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி சுமார் 7 டிகேஎச். தொட்டியில் 7 முதல் 10 வரை எந்த எண்ணை வைத்துக்கொண்டாலும் பவளம் வளரும். எந்த எண் என்பதைவிட அது அசையாமல் இருப்பது முக்கியம், இதை நான் அழுத்திச் சொல்வேன். 7.5-இல் வருடக்கணக்கில் நிற்கும் தொட்டி, வாரத்துக்கு வாரம் 8-க்கும் 10-க்கும் இடையே ஆடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக இருக்கும் தொட்டிகளில் 7 முதல் 8 வரை பாதுகாப்பானது, அங்கே 10, 11 என்று ஏற்றினால் நுனி எரியும்.

இறங்கிவிட்டால் உயர்த்துவது எப்படி? சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும். 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் உயர்த்தச் சுமார் 3 கிராம் தேவை. லிட்டர் கணக்குப் போடும்போது கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்துவிடுங்கள். நன்னீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்-க்கு மேல் ஏற்ற வேண்டாம், பாதி வேகத்தில் போனால் இன்னும் நல்லது. கால்சியம் கரைசலையும் இதையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்து வீணாகும்.

எவ்வளவு ஊற்றினாலும் ஆல்கலினிட்டியும் கால்சியமும் நிற்கவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அது 1250 முதல் 1400 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் கால்சியம் கார்பனேட் தானாகவே ஹீட்டர் மேலும் பம்ப் மேலும் படிய ஆரம்பிக்கும்.

ஆல்கலினிட்டியைச் சோதிப்பதில் இன்னொரு நல்ல உபயோகம் இருக்கிறது. தினமும் ஒரே அளவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஆல்கலினிட்டி திடீரென்று ஏற ஆரம்பித்தால், பவளங்கள் எலும்பு கட்டுவதை நிறுத்திவிட்டன என்று அர்த்தம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாத நாளிலேயே இந்த எண் சொல்லிவிடும். அதனால் ஆல்கலினிட்டியை மட்டுமாவது வாரம் இரண்டு மூன்று முறை, ஒரே நேரத்தில் சோதித்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

என் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். அப்படியென்றால் தண்ணீர் மிகச் சுத்தம் தானே?

பவளத்துக்கு அது பட்டினி. உள்ளே இருக்கும் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் பூஜ்யத்தில் இருந்தால் பவளம் வெளிறும், சதை மெலியும், கூடவே டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற தொல்லை தரும் நுண்ணுயிர்கள் வரும். மணல் மேலும் கல் மேலும் பழுப்பாக, சளி நூல் போல, நுனியில் காற்றுக்குமிழியோடு ஆடிக்கொண்டிருந்தால் அதுதான். அதைப் பார்த்துவிட்டு இன்னும் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் இன்னும் பெருகும்.

நைட்ரேட் 2 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை வசதியான எல்லை. உணவைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கிம்மரைக் கொஞ்சம் குறையுங்கள்.

மறுபக்கத்தில், பாஸ்பேட் 0.3 இருக்கிறது என்று பயந்து, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை ஒரேயடியாகக் கொட்டுபவர்களும் உண்டு. இரண்டே நாளில் 0.3-லிருந்து 0.02-க்கு விழுந்தால் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் அடியிலிருந்து உரிய ஆரம்பிக்கும். 0.3 என்ற எண்ணைவிட அந்த வீழ்ச்சிதான் ஆபத்து. சொல்லப்பட்ட அளவில் கால்பங்கு மட்டும் போட்டு, சில வாரங்களில் இறக்குங்கள்.

விளக்கு மாற்றிய பிறகு வெளுக்க ஆரம்பித்தது. பழைய விளக்கையே போட்டுவிடலாமா?

தேவையில்லை. புது எல்இடியின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து, வாரத்துக்கு ஐந்து சதவீதம் போல ஏற்றுங்கள். வெளுத்த பவளத்தைத் தற்காலிகமாகக் கீழே அல்லது நிழலுக்கு நகர்த்துங்கள். தினமும் 8 முதல் 10 மணி நேர வெளிச்சம் தாராளம்.

நீல வெளிச்சத்தைக் கண்ணால் அளக்க முடியாது, மங்கலாகத் தெரியும் நீலம் கூட பவளத்துக்குப் பலமாக இருக்கும். பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டர் கடன் வாங்கியாவது ஒரு முறை அளந்துவிடுங்கள். காளான் பவளத்துக்கும் பெரும்பாலான மென்பவளங்களுக்கும் 50 முதல் 100 பார், ஹாமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் உள்ள எல்பிஎஸ் வகைகளுக்கு 75 முதல் 150, அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் உள்ள எஸ்பிஎஸ் வகைகளுக்கு 200 முதல் 350. டி5 குழல் விளக்கு என்றால் 9 முதல் 12 மாதத்தில் மங்கிவிடும். அத்தனையையும் ஒரே நாளில் மாற்றினால் அதுவும் ஒரு அதிர்ச்சிதான், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று: மாதக்கணக்கில் கரி மாற்றாத தொட்டியில் தண்ணீர் லேசாக மஞ்சளாகியிருக்கும். புதுக் கரி போட்ட மறுநாள் தண்ணீர் பளிங்காகும், விளக்கைத் தொடாமலே பவளத்துக்கு வெளிச்சம் கூடிவிடும்.

நீரோட்டம் எவ்வளவு வேண்டும்?

எஸ்பிஎஸ் தொட்டிக்கு மணிக்கு மொத்தக் கொள்ளளவைப் போல 20 முதல் 40 மடங்கு வரை ஓட்டம், மென்பவளத்துக்கு அதைவிடக் குறைவு. எண்ணை விடுங்கள், பவளத்தைப் பாருங்கள். ஹாமரின் சதை ஒரே பக்கம் அழுந்தி எலும்பு விளிம்பில் தேய்கிறதென்றால் பம்ப் நேராக அடிக்கிறது, திருப்புங்கள். கிளைகளுக்கு நடுவே தூசி தங்கினால் ஓட்டம் போதவில்லை. பம்புக்குள் சுண்ணாம்பு படிந்து வேகம் குறைந்திருக்கலாம், சில மாதங்களுக்கு ஒரு முறை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

வெப்பம் எவ்வளவு வரை தாங்கும்?

24.5 முதல் 26.5 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதி. 29-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் வெளுப்பை எதிர்பார்க்கலாம். கடலிலேயே வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் பவளப்பாறைகள் வெளுக்கின்றன, 1998-இல் உலகம் முழுக்க அப்படி நடந்தது. தொட்டிக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

தண்ணீர்ப் பரப்பின் மேல் விசிறி வைத்தால் ஆவியாதலால் சில டிகிரி குறையும், ஆனால் நன்னீர் நிரப்புவது அதிகமாகும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். மின்சாரம் போனால் வெப்பத்துக்கு முன்பே ஆக்சிஜன் தீரும், சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, ஆகவே பேட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பாவது கையிருப்பில் இருக்கட்டும்.

ஒரே ஒரு பவளம் மட்டும் வாடுகிறது, மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன. என்ன செய்வது?

விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் லைட்டோடு போய்ப் பாருங்கள். பகலில் தெரியாத பாதி விஷயம் இரவில் தெரியும். கலாக்ஸியா பவளம் பகலில் பார்க்கச் சாதுவாக இருக்கும், இரவில் மெல்லிய கண்ணாடி நூல் போன்ற கொட்டும் கைகளை ஒரு சாண் தூரத்துக்கும் அதிகமாக நீட்டும். அந்த நூல் தொட்ட பவளத்தில் காலையில் வட்ட வட்டமாகச் சதை கரைந்திருக்கும். ஹாமரும் ஃப்ராக்ஸ்பான் பவளமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், டார்ச் பவளத்தை அவற்றோடு ஒட்டி வைக்க வேண்டாம். குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விடுங்கள், கலாக்ஸியாவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

தொடாமலும் சண்டை நடக்கும். லெதர் பவளம் போன்ற மென்பவளங்கள் தண்ணீரிலேயே நச்சுப் பொருட்களை விடுகின்றன, எஸ்பிஎஸ் அதில் சுணங்கும். கலப்புத் தொட்டியில் மாதம் ஒரு முறை கரி மாற்றுவது இதற்காகத்தான்.

அப்புறம் மீன்கள். குள்ள ஏஞ்சல் மீன் ஒரு வருடம் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று கொத்த ஆரம்பிக்கும். ஆள் நின்றால் கொத்தாது, அதனால் தொலைபேசியைக் கண்ணாடி எதிரே வைத்து அரை மணி நேரம் படம் பிடித்துப் பாருங்கள்.

பூச்சி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் அதே நிறத்தில், அதே பளபளப்பில் ஒட்டிக்கிடக்கும், வெறும் கண்ணுக்கு அகப்படாது. அது தின்ற தடம் அகப்படும்: ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டமான வெளிறிய புள்ளிகள், ஊசியால் ஒற்றி எடுத்தது போல. பவளத்தை வெளியே எடுத்து, அடியில் சதை இல்லாத எலும்புப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். தேன் நிறத்தில் சின்னச் சின்ன முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பவளத்தை அதில் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சும் குழலால் வேகமாக அடித்தால் புழுக்கள் கழன்று கிண்ணத்தில் சுருண்டு விழும்.

தட்டுப் போல வளரும் மாண்டிபோரா பவளத்தைத் தின்னும் ஓடில்லா நத்தை வெள்ளையாக, சில மில்லிமீட்டர் நீளத்தில், தட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். பொத்தான் போன்ற சிறு பாலிப்புகள் கொண்ட ஜோவாந்தஸ் திறக்காமல் இருந்தால் அதைத் தின்னும் நத்தைகளைத் தேடுங்கள், அவை தின்ற ஜோவாந்தஸின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்.

பவளத்தை முக்கி எடுப்பதற்கான டிப் கரைசல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இதை மறந்து ஒரு முறை டிப் செய்துவிட்டு முடிந்தது என்று இருப்பதால்தான் இந்தப் பூச்சி தொட்டியை விட்டுப் போவதே இல்லை. முட்டைகளைக் கத்தி முனையால் சுரண்டுங்கள், முடிந்தால் அடிக்கட்டையையே வெட்டிப் போட்டுவிடுங்கள், பின் வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரம் டிப் செய்யுங்கள். டிப் எப்போதும் தனிப் பாத்திரத்தில், தொட்டிக்குள் அல்ல. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பவளத்துக்கும் இதே மரியாதை, யாரிடமிருந்து வாங்கியிருந்தாலும் சரி.

ஹாமர் பவளத்தின் மேல் பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதோ இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் பம்புகளை அணையுங்கள். அது பழுப்புக் கூழ் நோய், சதையைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிறைந்த கூழ், ஓட்டத்தில் ஒரு துளி பக்கத்து ஹாமரில் விழுந்தால் அதற்கும் பற்றலாம். மெல்லிய குழாயை அருகே பிடித்துக் கூழை உறிஞ்சி வெளியேற்றுங்கள். பவளத்தை வெளியே எடுத்து, பாதித்த தலையை எலும்போடு வெட்டி நீக்குங்கள், நல்ல தலைகளை அயோடின் டிப்பில் முக்கித் திருப்பி வையுங்கள். கிளை வகை ஹாமர் இதனால்தான் பிழைக்கும். சுவர் போன்ற ஒரே துண்டு வகையில் பிழைப்பது அரிது.

அக்ரோபோராவின் சதை கண்ணெதிரே உரிகிறது. காப்பாற்ற முடியுமா?

தாய்க் கொத்தைப் பெரும்பாலும் முடியாது. சில மணி நேரத்தில் முழுதும் போய்விடும். கிளைகளின் நல்ல நுனிகளை, உரியும் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நல்ல சதைக்குள் வெட்டுங்கள். டிப் செய்து, தொட்டியில் வெவ்வேறு இடங்களில் வையுங்கள், ஒரே இடத்தில் அல்ல. மெதுவாக உரியும் வகைக்கும் இதே வழிதான், ஆனால் அதில் யோசிக்க அவகாசம் உண்டு, காரணத்தைத் தேடி நிறுத்தினால் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு.

தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறது என்று எப்படி அறிவது?

எண்கள் சரி, பூச்சி இல்லை, ஆனால் நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, இறால் சாகிறது, மீன்களுக்கு ஒன்றும் இல்லை. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் செம்பு போன்ற உலோகத்தையோ பூச்சிமருந்தையோ சந்தேகியுங்கள். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. கொசு விரட்டிகளில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளும் அப்படியே, தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

பம்பின் காந்தத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்து உள்ளே துரு ஏறியிருக்கலாம், ஒவ்வொரு பம்பையும் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி துடைக்கும் காந்தம், சம்பில் (துணைத் தொட்டியில்) மறந்துபோன இரும்புக் கிளாம்ப் எல்லாம் சேர்த்துத்தான். ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி அனுப்பி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி சோதனை இங்கேதான் காசுக்குப் பயன் தரும். முடிவு வரும் வரை காத்திருக்காமல் 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றி, புதுக் கரியும் உலோகம் உறிஞ்சும் ரெசினும் போட்டுவிடுங்கள்.

குழாய் நீரைச் சுத்தமாக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டியில் இருந்து வரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த பொருட்களின் அளவு) பூஜ்யமாக இருக்க வேண்டும். குழாய் நீரில் குளோரமின் இருந்தால் கரி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அதைப் பிடிப்பது டிஐ ரெசின், ஆகவே ரெசின் தீர்ந்த வடிகட்டி ஆபத்தானது.

ஜோவாந்தஸ் கல்லைச் சுத்தம் செய்யலாமா? கொதிநீரில் போட்டால் பூச்சி சாகுமா?

கொதிநீர் கூடவே கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அதன் உறவான பாலிதோவாவிலும் சில ஜோவாந்தஸ் வகைகளிலும் பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்தாலோ மைக்ரோவேவில் வைத்தாலோ காய்ந்தபின் தேய்த்தாலோ நீராவியிலும் தூசியிலும் அந்த நஞ்சு மூச்சுக்குள் போகும். இப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல், தசைவலி, காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், பாலிடாக்சின் சந்தேகம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லெதர் பவளம் ஒரு வாரமாக மூடியே இருக்கிறது, மேலே மெழுகு போல ஒரு படலம். செத்துவிட்டதா?

இல்லை, தோல் உரிக்கிறது. சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம். ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிப் படலம் கழன்று போக உதவுங்கள், கையால் பிய்க்காதீர்கள். சதை கறுத்து அழுகி நாறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

வெளுத்துப்போன பவளத்துக்கு என்ன செய்வது, எவ்வளவு நாளில் தேறும்?

வெளிச்சத்தைக் குறையுங்கள், இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், உணவு கொடுங்கள். பாசி இல்லாத பவளம் வாயால் சாப்பிட்டுத்தான் பிழைக்க வேண்டும். விளக்கு அணைந்த பிறகு, உணர்கொம்புகள் நீண்டிருக்கும்போது, மைசிஸ் இறால் துணுக்கு ஒன்றை மெல்ல மேலே விடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். பிடித்த துணுக்கை மீனும் இறாலும் பிடுங்கிப் போகாமல் இருக்க, பாதி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கொஞ்ச நேரம் மேலே கவிழ்த்து வைக்கலாம். நிறம் திரும்ப வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். முதலில் வாய்ப்பகுதியைச் சுற்றியும் நிழல் மடிப்புகளிலும் லேசான பழுப்பு தெரியும், பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பரவும்.

இந்தக் காலத்தில் வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றம் நல்லது. புது உப்புநீரை ஒரு நாள் முன்பே கலந்து, வெப்பமும் உப்பளவும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். ஆல்கலினிட்டியையும் பாருங்கள், சில உப்புகளைக் கலந்தால் அது 11, 12 டிகேஎச் வரை இருக்கும். தொட்டி 7.5-இல் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பெரிய அளவில் மாற்றுவது இன்னொரு அடியாக முடியும்.

எப்போது புதுப் பவளம் வாங்கலாம்?

மிஞ்சியிருக்கும் பவளங்கள் வளர ஆரம்பித்த பிறகு. அக்ரோபோராவின் நுனியில் புதிதாக வெளிர்நிறப் பொட்டு, மாண்டிபோரா தட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு, உரிந்த இடத்தின் மேல் மெதுவாக ஏறி மூடும் சதை. கூடவே ஆல்கலினிட்டி செலவும் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு சின்ன ஃப்ராக் (வெட்டிய துண்டு), டிப் செய்து, முடிந்தால் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகு.